சிக்கனச் சான்றிதழ் வாங்கப் போன லியோ பிரபு

தன் பணத்தைத் தானே கேட்டால் அதற்குப் பெயர் கடன் என்று லியோ பிரபுவுக்கு முப்பது வயதில்தான் தெரிந்தது. அதுவரைக்கும் தன்னை விவரம் தெரிந்தவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான், பாவம்.

விஷயம் இதுதான். லியோ பிரபு பெரம்பலூரில் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் லேப் அசிஸ்டென்ட். சம்பளம் பதினெட்டாயிரம். மனைவி ஷாலினி மேரி ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் போட்டுக்கொண்டிருந்தாள். வயிற்றில் ஏழு மாதம் ஆனதும், "ரெஸ்ட் எடும்மா" என்று அக்கறையாகச் சொல்லிச் சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள். குடியிருந்தது ஒரே ஒரு ரூம். அதையும் வீட்டுக்காரர் இடித்துவிட்டு ஜிம் கட்டப்போகிறாராம், மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பக்கத்துத் தெருவில் வேறு ஒரு வீடு அமைந்தது. ரெண்டு ரூம், தண்ணீர் வருகிறது, கக்கூஸ் உள்ளேயே இருக்கிறது. ஷாலினி போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அந்த வீட்டைத் தவிர வேறு பேச்சே பேசவில்லை. அட்வான்ஸ் எண்பதாயிரம். "முப்பதாந்தேதி வரைக்கும் பாப்பேன் தம்பி. அப்பறம் வேற ஆளு ரெடியா நிக்கிது" என்று அந்த வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

லியோ பேரில் சிக்கனச் சங்கத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கிடந்தது. ஒன்பது வருஷமாக மாசம் ஆயிரம் கட்டிய பணம். "சங்கத்துல சேருடா, ஆபத்துக்கு உதவும்" என்று சேர்த்துவிட்டவர் அவன் அப்பா ஞானப்பிரகாசம் வாத்தியார். வரதராஜன்பேட்டையில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்க் கோயிலில் நாற்பது வருஷமாகப் பிள்ளைகளை, முதன்முதலாகப் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்குத் தயார் செய்கிறவரும் அவர்தான். அவர் சொன்ன ஆபத்து வந்துவிட்டது. உதவி மட்டும்தான் இனி வர வேண்டும்.

சங்கத்தின் முழுப்பெயர் அரியலூர் பெரம்பலூர் இருமாவட்ட ஆசிரியர், அலுவலர் மற்றும் வாரிசுகள் சிக்கன நாணயப் பரஸ்பர சகாய சங்கம். ஆபீஸ் அரியலூரில். பெயர்ப்பலகை சங்கக் கட்டடத்தில் அடங்காமல் பக்கத்து உரக்கடை வரைக்கும் போயிருக்கும். 'சகாய சங்கம்' என்ற ரெண்டு வார்த்தையும் உரக்கடை மேல்தான் இருக்கும். நடுவில் மாவட்டத்தைப் பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடியும் பிரித்தார்கள். சங்கம் மட்டும் பிரியவே இல்லை. பிரிந்தால் ஆபீஸ் ஏ.சி. எந்த மாவட்டத்துக்கு என்று இன்னும் முடிவாகவில்லை.

லியோ போய்க் கேட்டதும் அட்டெண்டர் உத்திராபதி பதினாலு பக்கப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"முப்பத்தஞ்சு வயசுக்குள்ளன்னா நேரா கடன் கெடையாது தம்பி. மொதல்ல சிக்கனச் சான்றிதழ் வாங்கணும். செலவொழுக்க விசாரணைக் குழு இருக்கு. சனிக்கெழம சனிக்கெழம கூடுவாங்க."

"எம் பணம்தானண்ணே?"

"அதுனாலதான் தம்பி. ஒங்க பணத்த ஒங்ககிட்ட குடுக்கும்போது ரொம்ப சாக்கிரதையா இருக்கணும்னு விதியில இருக்கு. அடுத்தவங்க பணமா இருந்தா இவ்ளோ கேக்க மாட்டாங்க."

உத்திராபதி கிண்டல் பண்ணுகிறாரா என்று லியோ அவர் முகத்தைப் பார்த்தான். இல்லை. மனுஷன் மனசார விதியைத்தான் சொன்னார். படிவத்தில் முப்பத்தொன்றாம் கேள்வி, 'தாங்கள் பற்பசையைக் கடைசிவரை பிதுக்குபவரா? ஆம் எனில் காலிக் குழாயை இணைக்கவும்.' லியோ இணைத்தான். எண்பதாயிரம் வேண்டுமே, என்ன செய்வது?

முதல் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வரச்சொல்லிப் பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே அப்படி ஒரு குளிர். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் சங்கத் தலைவர் வீரமணி, ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. எந்த இலாகா என்று யாரும் கேட்டதில்லை, கேட்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை. வலப்பக்கம் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் பாக்யலட்சுமி. இடப்பக்கம் செயலாளர் ஜெயப்பிரகாஷ், கையில் ஃபைலோடு. ஆளுக்கொரு தட்டில் நெய்யில் வறுத்த முழு முந்திரி.

"டீ எங்க குடிக்கிறீங்க தம்பி?" என்று ஆரம்பித்தார் வீரமணி.

"கடையில சார்."

மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயப்பிரகாஷ் எழுதிக்கொண்டார்.

"கடையில! காசு குடுத்து!" வீரமணி நாற்காலியில் சாய்ந்தார். "முப்பத்தாறு வருஷ சர்வீஸ் தம்பி எனக்கு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், எங்கைக் காசப் போட்டு டீ குடிச்சதா சரித்திரம் கெடையாது. மேசைக்கே வந்துரும். யாராவது கொண்டாந்து வச்சிருவாங்க. மத்தியானச் சாப்பாடு, தீவாளிக்குத் துணிமணி, எதுக்குமே நான் செலவு பண்ணதில்ல. கட்டுப்பாடு. ஒங்க தலைமுறைக்கு அதான் இல்ல."

"வாடகை எவ்வளவு?" என்றார் பாக்யலட்சுமி.

"ஆறாயிரத்தி ஐநூறு மேடம்."

"எதுக்குக் குடுக்குறீங்க?"

லியோவுக்குக் கேள்வி புரியவில்லை. "வீட்டுல இருக்கறதுக்கு மேடம்."

"அதான் கேக்குறேன். வாடகைங்கறது போனா திரும்பி வராத காசு. சொந்த வீட்டுல இருந்தா அந்தக் காசு மிச்சந்தானே? இதச் சின்ன வயசுலயே ஏன் யோசிக்கல?"

அந்தம்மா ரெண்டு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பது சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும், அதில் வருகிற பணம் மட்டும் எப்படித் திரும்பித் திரும்பி வருகிறது என்று கேட்க லியோவுக்கு ஆசைதான். அப்போது ஜெயப்பிரகாஷ் ஃபைலைப் புரட்டித் தொண்டையைக் கனைத்தார்.

"ஆறாந்தேதி, மத்தியானம். சிக்கன் பிரியாணி, ரெண்டு பார்சல். கூட ஒரு சில்லி. உண்டா, இல்லையா?"

லியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான். அன்றைக்கு ஷாலினி வாய்க்கு ருசியாகக் கேட்டாள் என்று வாங்கினான். வீட்டுக்குள் உட்கார்ந்து தின்றது இவர்களுக்கு எப்படித் தெரியும்?

"யார் சார் சொன்னது?"

"சங்கத்துக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார் ஜெயப்பிரகாஷ். விசாரணை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

பெரம்பலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து லியோவுக்கு இதே குடைச்சல். எவன் சொன்னான்? பிரியாணிக் கடைக்காரனா? அவனுக்குச் சங்கத்தில் என்ன வேலை? வீட்டுக்காரராக இருக்கலாம். குப்பை வாளியைக் கிளறுகிற ஆள்தான் அவர். லேபில் கூட வேலை பார்க்கிற வீரபத்திரன்? அவன் மாமனார் சங்கத்தில் உறுப்பினர். அந்த வாரம் முழுக்க லியோ திருடன் மாதிரி நடந்துகொண்டான். காய்கறியைப் பைக்குள் பை வைத்துக் கொண்டுவந்தான். டீயைக் கடைக்குப் பின்பக்கம் நின்று குடித்தான். போனில் லொகேஷனை அணைத்தான். ஷாலினிக்கு மாதுளம்பழம் வாங்கினால் தோலைப் பொட்டலம் கட்டிக் காலேஜ் குப்பைத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டான்.

மனசு விட்டுப் பேச அவனுக்கிருந்தது ஒரே ஆள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பா போன் பண்ணுவார். வாரம் தவறாது. என்ன சாப்பிட்டே, என்ன வாங்கினே, ஷாலினிக்கு ஒடம்பு எப்படி என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். அம்மா போனபிறகு அவர் அப்படிக் கேட்கிறது லியோவுக்கு ஆறுதலாக இருக்கும். எல்லாவற்றையும் சொல்வான்.

"எவனோ வேவு பாக்குறான்ப்பா. பிரியாணி வரைக்கும் போய்ச் சொல்லியிருக்கான்."

"யாரா இருந்தா என்னடா, உள்ளதத்தானே சொல்லியிருக்கான்" என்றார் ஞானப்பிரகாசம். "நீயும் அந்த சில்லிய விட்டுருக்கலாம். நான் ஒன் வயசுல..."

"அப்பா, பழம் வாங்கப் போகணும், வைக்கிறேன்."

"என்ன பழம்டா?"

ரெண்டாவது சனிக்கிழமை ஜெயப்பிரகாஷின் ஃபைல் தடித்திருந்தது.

"மாதுளம்பழம், ரெண்டு கிலோ. ஃபேன் அஞ்சாம் நம்பர்ல, ராத்திரி பூரா. புது ஷூ ஒரு ஜோடி, பழசு இன்னும் கிழியல. அப்பறம்..." கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டார். "கம்பளிக் குல்லா ஒண்ணு. சின்னது. இன்னும் பொறக்காத பிள்ளைக்கு."

"பொறக்காத பிள்ளைக்கு!" என்றார் வீரமணி. "பெரம்பலூர் வெயில்ல!"

"எம் மகன் கனடாவுல இருக்கான்" என்று பாக்யலட்சுமி ஆரம்பித்தார். "ஒரு பைசா வீண் பண்ண மாட்டான். டிக்கெட் செலவுன்னு அஞ்சு வருஷமா ஊருக்கே வரலைன்னா பாத்துக்கோங்க. அவுங்கப்பா தவறுனப்பகூட வீடியோவுலதான் பாத்தான். அவ்வளவு சிக்கனம். பேரன் மொகத்த நான் இன்னும் நேர்ல பாக்கல. அதுல எவ்வளவு மிச்சம் தெரியுமா?" சொல்லிவிட்டு ஒரு முந்திரியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார், சாப்பிடவில்லை.

ஜெயப்பிரகாஷ் சூழ்நிலையை மாற்றினார். "நாங்க சும்மா குத்தம் சொல்றதுக்கு ஒக்காரல தம்பி. வருஷா வருஷம் சிக்கன வாரம் கொண்டாடுறோம். கொடைக்கானல்ல, மூணு நாளு. எல்லா நிர்வாகிகளும் குடும்பத்தோட வருவாங்க. சிக்கனத்தப் பத்திக் குளுர்ல ஒக்காந்து யோசிச்சாத்தான் தெளிவா வருது. ஒங்கள மாதிரி எளந்தலமொறை கட்டுற சந்தாவ வச்சித்தான் அது நடக்குது. நீங்களே பொறுப்பில்லாம இருந்தா, நாளைக்கு அதுக்கெல்லாம் யாரு இருக்கா?"

லியோவின் காதில் எதுவும் ஏறவில்லை. குல்லா. அந்தக் குல்லாவைக் கடையிலிருந்து வந்ததும் ஷாலினி டிரங்குப் பெட்டியில் வைத்தாள். வீட்டுக்காரர் பார்க்கவில்லை, வீரபத்திரன் பார்க்கவில்லை. பார்த்தது ரெண்டே பேர்.

வீட்டுக்குப் போய்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டான். "குல்லா வாங்குனத யார்ட்ட சொன்ன?"

ஷாலினி அரிசி களைந்துகொண்டிருந்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கை நின்றது.

"நான் போய்ச் சொன்னேன்னு நெனைக்கிறீங்களா? அந்த வூடு கெடைக்கணும்னு நானே நாளும் செபமால சொல்லிட்டுக் கெடக்கேன். அத நானே கெடுப்பனா?"

"கேட்டேன், அவ்ளோதான்."

"கேட்டீங்கல்ல. போதும்."

அதோடு பேச்சு நின்றது. சோறு வந்தது, குழம்பு வந்தது, வார்த்தை வரவில்லை. எட்டாவது மாதம் பிறக்கிற நேரத்தில் பெண்டாட்டியைச் சந்தேகப்பட்ட புருஷன் என்று லியோ தன்னைத்தானே திட்டிக்கொண்டான். திட்டிக்கொண்டே பெட்டியைத் திறந்து குல்லா இருக்கிறதா என்றும் பார்த்தான். சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் லேசில் எழுந்து போகாது.

மூன்றாவது விசாரணை இருபத்தொன்பதாம் தேதி. மறுநாள் கெடு. இந்தமுறை 'முன்மாதிரிச் சாட்சி' ஒருவரோடு வர வேண்டும் என்று கார்டு வந்தது. சிக்கனமாக வாழ்ந்து காட்டிய மூத்த உறுப்பினர், முடிந்தால் பெற்றவர். அப்பாவுக்குப் போன் போட்டான். "எனக்கும் கார்டு வந்துருச்சுடா. நான் ஜெயங்கொண்டம் வழியா வந்துடறேன். நீ கவலப்படாத, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றார். குரலில் ஒரு நிம்மதி. லியோவுக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது.

ஞானப்பிரகாசம் வெள்ளை வேட்டி சட்டையில், கழுத்துவரை பட்டன் போட்டு, சங்க வாசலில் நின்றார். ரெண்டு பேரும் உள்ளே நுழைந்ததும் உத்திராபதி எழுந்து கும்பிட்டார்.

"வாத்தியாரய்யாவா! நீங்கதானா அது! வாராவாரம் தபால் வரும்போது பாப்பேன். எழுத்து முத்து முத்தா இருக்கும். ஆபீஸ்ல எல்லாரும் சுத்தி ஒக்காந்து படிப்போம்யா. குல்லா விஷயம் படிக்கும்போது டைப்பிஸ்ட்டம்மா கண் கலங்கிருச்சு."

லியோ அப்பாவைப் பார்த்தான். அப்பா முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. நல்ல மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி லேசாகக் கூச்சப்பட்டார்.

"நீங்களாப்பா?"

"படிவம் அனுப்பியிருந்தாங்கடா. 'தங்கள் மகனின் செலவுப் பழக்கங்களை மறைக்காமல் எழுதுக'ன்னு. மறைக்காமன்னு போட்டுக் கீழ கோடு வேற போட்டுருந்துச்சு. அதான் நீ போன்ல சொன்னதெல்லாம்..."

"எழுதிட்டீங்க."

"ஒண்ணுவிடாம. ஏண்டா முழிக்கிற? ஒனக்கு நான்தானே புதுநன்மைக்குச் சொல்லிக்குடுத்தேன்? பாவசங்கீர்த்தனத்துல ஒரே ஒரு பாவத்த மறைச்சாலும் மத்ததுக்கும் சேத்து மன்னிப்பு கெடையாது. எல்லாத்தையும் கொட்டிட்டா சாமியார் கையத் தூக்கி ஆசீர்வாதம் குடுத்துருவாரு. நான் கடன் கெடைக்கணும்னுதாண்டா எழுதுனேன். சில்லிய விட்டா அதுனால தடைபட்டுருமோன்னு பயந்து, மறுதபால்ல தனியா எழுதிப் போட்டேன்."

லியோவுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"ஷாலினிய சந்தேகப்பட்டுட்டேன்ப்பா. ஒரு வாரமா எங்கிட்டப் பேசல அவ."

"அது ஒந்தப்பு. நான் எழுதுனதுல ஒரு வார்த்த பொய்யிருக்கா? செலவு பண்றீங்கதானே? எண்ணூறு ரூபா சம்பளத்துல நாலு பேருக்கு நான் சோறு போடல? மனை வாங்கல? வூடு கட்டல? ஒன் வயசுல நான் பிரியாணி மொகத்தப் பாத்ததில்ல!"

"மனை என்ன வெலப்பா?"

"எதுக்குடா?"

"சொல்லுங்க."

"ஆயிரத்தி அறுநூறு. பத்து சென்ட்டு."

"ரெண்டு மாசச் சம்பளம். இன்னைக்கு பெரம்பலூர்ல ஒரு மனை வாங்க எனக்கு ஏழு வருஷச் சம்பளம் வேணும். ஏழு வருஷமும் பச்சத்தண்ணியக் குடிச்சிட்டு ஷாலினிக்கும் அதையே குடுத்தா. எந்த பிரியாணிய நிறுத்துனா அது சரியாவும்? சொல்லுங்க, அதையும் எழுதிப் போடுங்க."

ஞானப்பிரகாசத்தின் உதடு அசைந்தது. மனக்கணக்கு போடும்போது அவருக்கு எப்போதும் உதடு அசையும். ஒருமுறை போட்டுப் பார்த்தார், தப்போ என்று மறுபடியும் போட்டார். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

வீரமணி எழுந்து நின்றே வரவேற்றார். "வாங்க வாத்தியாரே! ஒங்க கடுதாசிங்க இந்தச் சங்கத்தோட பொக்கிஷம். பையன் எப்புடி ஊதாரின்னு பாத்துட்டோம். இப்ப நீங்க எப்புடி வாழ்ந்தீங்கன்னு சொல்லுங்க. தம்பி கேட்டுத் திருந்தட்டும். மறைக்காம சொல்லணும்!"

அந்த வார்த்தையைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் மனுஷன். ஞானப்பிரகாசம் எழுந்தார், கையைக் கட்டிக்கொண்டார், கண்ணை மூடிக்கொண்டு ஒரு முழு நிமிஷம் நின்றார். குழுவில் உள்ளவர்கள் பயபக்தியோ என்று நினைத்தார்கள். லியோவுக்குத் தெரியும், அப்பா பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் செய்கிற ஆத்தும சோதனை செய்கிறார்.

"எம் பாவத்த மொதல்ல சொல்லிடறேன்" என்றார். "எம்பத்திநாலுல நான் வாங்குன மனை ரத்தினம்மாள்னு ஒரு தாலியறுத்த பொம்பளயோடது. மக கல்யாணத்துக்கு வித்துச்சு. இன்னும் நூறு ரூபா போட்டுக் குடுங்க வாத்தியாரேன்னு அழுதுச்சு. நான் குடுக்கல. கையில இருந்துச்சு, குடுக்கல. சிக்கனம்னு நெனச்சேன்."

"அது பேரம். பாவமெல்லாம் இல்ல" என்றார் வீரமணி.

"ரெண்டாவது. நான் சிக்கனமா இருந்தேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சது பெரும. வேலையில சேந்த வருஷமே மனை வாங்குற வெலயில இருந்துச்சு, வாங்குனேன். மாசம் தவறாம பென்சன் வருது, தின்னுட்டுருக்கேன். எம் பையனுக்கு ரெண்டுமே இல்ல. இத வெளிய நிக்கும்போதுதான் கணக்குப் போட்டுப் பாத்தேன். வாத்தியாரா இருந்துகிட்டு இவ்வளவு நாளா போடல."

"போதும் வாத்தியாரே, ஒக்காருங்க" என்றார் வீரமணி.

"மூணாவது இருக்குங்க. மறைச்சா மன்னிப்பு கெடையாது. சங்கம் வாத்தியாருங்களுக்குன்னு நெலம் வாங்குனுச்சே, அதுல பன்னெண்டு மனைய நீங்க ஒங்க வூட்டு ஆளுங்க பேர்ல எழுதிக்கிட்டீங்க. ஜெயப்பிரகாஷ் சார் நாலு. மேடம் ரெண்டு, இப்ப அதுலதான் வூடு கட்டி வாடகைக்கு வுட்டுருக்காங்க. அப்ப நான் கமிட்டி மெம்பரு. பாக்காத மாதிரி கையெழுத்துப் போட்டேன். அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு எனக்கு முந்திரி ரெண்டு கிலோ வந்துச்சு. தின்னேன். அதான் பெரிய பாவம்."

கதவோரம் நின்ற உத்திராபதி அவசரமாக ஃபைல்களை அடுக்க ஆரம்பித்தார். வீரமணி ஜெயப்பிரகாஷின் காதில் ஏதோ சொன்னார். ஜெயப்பிரகாஷ் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார்.

"சாட்சி பிறழ்ந்துவிட்டதால் மேற்படி சாட்சியம் குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது" என்று வாசித்தார். "தீர்மானம். விண்ணப்பதாரர் லியோ பிரபு, விண்ணப்பித்த நாளிலிருந்து இன்றுவரை கடன் ஏதுமின்றி உயிர் வாழ்ந்து காட்டியிருப்பதால், அவர் சிக்கனமானவரே என இக்குழு மகிழ்ச்சியுடன் சான்றளிக்கிறது. சிக்கனமானவருக்குக் கடன் தேவைப்படாது என்பதால் விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது. சான்றிதழ் மற்றும் சட்டம் போட்ட வகைக்கு ஆயிரத்து ஐநூறு ரூபாய் அன்னாரின் வைப்பில் பிடித்தம் செய்யப்படும்."

பாக்யலட்சுமி கைதட்டப் போனார். யாரும் தட்டாததால் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"சார், நாளைக்குக் கடைசி நாள் சார்" என்றான் லியோ. "அவளுக்கு எட்டு மாசம்."

"அதான் சான்றிதழ் குடுத்தாச்சே தம்பி. ஃப்ரேம் போட்டே குடுப்பாங்க" என்றார் வீரமணி.

ஞானப்பிரகாசம் மேசைக்குப் பக்கத்தில் போனார். "சரிங்க. அவன் பணம் வேணாம். எம் பணம் இருக்குதே, நாப்பது வருஷப் பணம். அத எடுத்துக் குடுங்க."

"மூத்த உறுப்பினர் வைப்பு உயிரோட இருக்கும்போது எடுக்க முடியாது வாத்தியாரே. அது ஒங்க நன்மைக்குத்தான். எடுத்தா செலவாயிடுமுல்ல?" என்றார் ஜெயப்பிரகாஷ்.

"எப்பத்தான் குடுப்பீங்க?"

ஜெயப்பிரகாஷின் முகம் முதன்முறையாக மலர்ந்தது. சங்கத்தில் அவருக்கு நிஜமாகவே பெருமையான விஷயம் அது ஒன்றுதான். "உறுப்பினர் காலமாயிட்டா ஒரு கேள்வி கெடையாது. விசாரணை கெடையாது, சான்றிதழ் கெடையாது. வைப்பும், அதுக்கு மேல ரெண்டு லட்சம் மரண சகாய நிதியும் ஏழே நாள்ல வாரிசு கைக்குப் போயிரும். மாலையோட நாங்களே வீட்டுக்கு வந்து குடுப்போம். இருமாவட்டத்துலயும் இப்புடி ஒரு வேகம் எந்தச் சங்கத்துலயும் கெடையாது!"

"வாரிசுன்னு யார் பேரு போட்டுருக்கு?"

ஃபைலைப் புரட்டினார். "லியோ பிரபு. மகன்."

"ஏழு நாளு" என்றார் ஞானப்பிரகாசம். அவர் உதடு அசைந்தது.

லியோ அதைப் பார்த்துவிட்டான். ரெண்டு வாரமாக ஊரில் இருக்கிறவன் போகிறவன் எல்லாரையும் சந்தேகப்பட்டவனுக்கு, அந்த நிமிஷம் அப்பா மேலேயே வேறு மாதிரி ஒரு சந்தேகம் வந்தது. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். "தம்பி, சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டு வாங்கணும்" என்று உத்திராபதி பின்னாலேயே வந்தார். அவன் திரும்பவில்லை.

வெளியே மத்தியான வெயில். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப். ரோட்டைக் கடக்க வேண்டும். லியோ அப்பாவின் மணிக்கட்டை விடவில்லை.

"கைய விடுடா. ரோடு தாண்டத் தெரியாதவனா நானு?"

"விட மாட்டேன். வூடு போனா போவுது. அட்வான்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாங்க ரெண்டு பேரும் ஊருக்கே வந்துடறோம். நான் அங்கேருந்தே வேலைக்குப் போயிட்டு வரேன்."

"பெரம்பலூருக்கா? தெனம் அஞ்சு மணி நேரம் பஸ்ஸுலயே போயிருமேடா."

"போவட்டும். அப்பா, ஒண்ணு கேக்கறேன். உள்ள அவரு ஏழு நாள்னு சொன்னாருல்ல. அப்ப நீங்க எதும் நெனக்கலல்ல?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் சொல்லியிருப்பார். ஞானப்பிரகாசம் போகிற லாரிகளைப் பார்த்தார்.

"நெனச்சேன்டா" என்றார். "வெளிய வர்ற வரைக்கும் நெனச்சேன். சாவான பாவம் அது. ஞாயித்துக்கெழம சாமியார்ட்ட சொல்லிக்கிறேன்."

லியோ மணிக்கட்டை விட்டுவிட்டு அப்பாவின் தோளோடு கையைப் போட்டு இறுக்கிக்கொண்டான். ரோடு காலியாகிற வரைக்கும் ரெண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.